செல்லாது என்றது கம்ப்யூட்டர்

மன்னிக்க வேண்டும். இந்தப் பத்தியில் வாராவாரம் பஸ், ரேஷன் என்று எழுதுகிறவள் நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதலாமா? கூடாதுதான். ஆனாலும்...

செஞ்சியில் ஒரு விதைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக டைப்பிஸ்ட் நான். போன மாதம் முதலாளி பாய் கம்ப்யூட்டர் வாங்கினார். கடிதம் அடிக்கிற பேக்கேஜ் ஐந்து பிளாப்பியில் தனியாக வந்தது. அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு மெஷினுக்குள் ஏற்ற வேண்டும். என் பொறுப்பு.

முதல் பிளாப்பியைப் போட்டேன். புதிதாக ஏற்ற ஒன்று, வெளியேற இரண்டு என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஒன்று அடித்தேன்.

'இன்வேலிட்' என்றது. செல்லாதாம்!

மறுபடி அடித்தேன். செல்லாது. மூன்று நாள் இதே கதை.

"இன்னாம்மா, இந்நேரம் ராஜகிரி கோட்ட மேல ஏறி எறங்கியிருக்கலாம். இந்தப் பொட்டில ஒண்ணு ஏத்த முடியலியா?" என்றார் பாய். "வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் பாண்டிச்சேரிலருந்து ஆபரேட்டர் வந்துடுவாரு. உங்க எடத்துக்கு."

பாய் போன் போட்டதில், வியாழக்கிழமை அந்தப் பேக்கேஜை எழுதிய பெண்ணே மெட்ராஸிலிருந்து வந்தார்.

"அடிங்கக்கா, பாக்கலாம்."

அடித்தேன். செல்லாது.

"அக்கா! நீங்க அடிக்கிறது ஒண்ணு இல்ல, சின்ன 'எல்' எழுத்து!"

"எங்க டைப்ரைட்டர்ல ஒண்ணுக்குத் தனி கீ கெடையாது மேடம். 'எல்'லத்தான் அடிப்போம், பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும்."

"இதுல இருக்குதே, மேல் வரிசைல. கீழ குனிஞ்சு பாக்கலியா?"

"கீய பாத்து அடிச்சா டைப்பிங் இன்ஸ்டிட்யூட்ல ஸ்கேலால வெரல் முட்டில போடுவாங்க மேடம்."

விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. பேசாமல் போயிருப்பேன். ஆனால் நாளை வெள்ளிக்கிழமையாயிற்றே...

"தப்புன்னு மட்டும் சொல்லுது மேடம். இன்னா தப்புன்னு சொல்லவே இல்லியே?"

சிரிப்பு நின்றது. "வேற எங்கல்லாம் கஷ்டமா இருந்துச்சு? சொல்லுங்கக்கா."

சொன்னேன். எத்தனை பிளாப்பி போட்டோம், எத்தனை பாக்கி என்று தெரியவில்லை. நடுவில் கரெண்ட் போனால் என்ன செய்வது என்றும் இல்லை. அவர் அங்கேயே உட்கார்ந்து மாற்றினார். இனி 'எல்' அடித்தாலும் ஒன்று என்றே எடுத்துக்கொள்ளும். வேறு எதையாவது அடித்தால், எந்தக் கீ, எந்த வரிசை என்று சொல்லும். இரண்டு முடிந்தது, மூன்று பாக்கி என்று கணக்கும் காட்டும். கரெண்ட் போனால், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பஸ் ஸ்டாண்டில் அனந்தபுரம் பஸ்ஸா என்று கேட்டால், "இது போகாது" என்று திரும்பிக்கொள்கிற கண்டக்டர் உண்டு. "அந்தச் செவப்பு வண்டி, ஓடு!" என்று கை காட்டுகிறவரும் உண்டு. இரண்டு பேருக்கும் தெரிந்தது ஒன்றுதான். ஆனால் பஸ்ஸைப் பிடிப்பது யாரை நம்பியவர்?

இத்தனை நாள் நான்தான் மக்கு என்று நினைத்திருந்தேன். கேள்வியும் சரியில்லாமல் இருக்கலாம் — இது தெரிய எனக்கு நாற்பத்தைந்து வயதாகியிருக்கிறது!

மறுநாள் ஐந்து பிளாப்பியையும் நானே ஏற்றினேன். பதினோரு மணிக்கு முதல் கடிதம் அடித்தேன். பாண்டிச்சேரி ஆபரேட்டருக்கு, வர வேண்டாம் என்று.