டவர் இல்லாத ஊரில் ஒரு தட்டுச் சோறு

அருவிக்குப் போகும் வழியில், கரியாலூரை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் மதியச் சாப்பாட்டுக்கு நின்றோம். சமைத்துத் தருவதாகச் சொல்லியிருந்த வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், போனில் டவர் இல்லை. என் இரண்டு வயது மகள் கார்ட்டூன் ஓடினால்தான் வாயைத் திறப்பாள். புறப்படும் முன்பே இரண்டு வீடியோக்களைச் சேமித்து வைத்திருக்கலாமே என்று என்னையே நொந்துகொண்டேன். கணவர் போனை உயர்த்திப் பிடித்தபடி எதிரே இருந்த பாறையில் ஏறினார்.

பரிமாறிய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். "டவர் இல்லன்னா புள்ளைக்குப் பசிக்காதா இன்னா?" என்று சிரித்தபடி, தன் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை என் மகள் பக்கம் நகர்த்தினாள். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும். காரமாக இருக்குமோ, செரிக்குமோ என்று நான் யோசித்து முடிப்பதற்குள் என் மகள் தானே அள்ளித் தின்னத் தொடங்கியிருந்தாள். முழங்கை வரை குழம்பு. அந்தக் குழந்தையின் கை தட்டுக்கு வரும்போதெல்லாம் இவள் முந்திக்கொண்டாள்.

"டவர் வந்துடுச்சி, வீடியோ போடவா?" என்று பாறையிலிருந்து கத்தினார் கணவர்.

"போனை பாக்கெட்ல வச்சிக்கினு எறங்கி வாங்க," என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். "உங்க பொண்ணு ரெண்டாவது வாட்டி சோறு கேக்குறா."