சென்னியப்பன் அண்ணனின் வலது சிறுநீரகம்

சங்ககிரிப் பட்டறையில் போர் போடும் ரிக் வண்டியின் கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நின்றபோது அண்ணன் மகள் பூங்கொடியின் அழைப்பு வந்தது. “சித்தப்பா, அப்பா எந்திரிக்கலைங்க” என்றாள். அவளுடைய கணவர் போனை வாங்கி, தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாக மருத்துவர் சொன்னார் என்றார். கையிலிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் கிளம்பினேன். எத்தனையோ வருடமாக நாங்கள் எல்லோரும் பயந்தது அண்ணனின் சிறுநீரகத்தை நினைத்து. அதுவோ கடைசி நாள்வரை ஒழுங்காக வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

ஆழ்துளைக் கிணறு போடும் தொழிலில் இருப்பவர்களுக்குச் சென்னியப்பன் அண்ணனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வண்டிக்கு அவர் முதலாளி, நான் மேனேஜர். சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே படுத்து, ஒரே பானைச் சோற்றைத் தின்றவர்கள் நாங்கள். அவர் எவ்வளவு கடுமையான உழைப்பாளி என்பது உங்களுக்குத் தெரியும். அந்த உழைப்பை எதை வைத்துக்கொண்டு செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவருக்கு நாற்பது வயது நெருங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. காலையில் எழுந்தால் பின்மண்டை வலிக்கிறது என்று சில மாதங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார். வெயில், டீசல் புகை, தூக்கமில்லாமை என்று நாங்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது டாக்டரம்மா ஒருவர் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு மற்றொரு கையிலும் பார்த்தார். ஒல்லியான உடம்பு, குடியில்லை, வீட்டில் யாருக்கும் அந்த நோய் இல்லை. “இந்த வயசுல இவ்வளவு பிரஷர் சும்மா வராதுங்க. வயித்தை ஒரு ஸ்கேன் பார்த்திரலாம்” என்றார். பார்த்ததில் இடது சிறுநீரகம் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. வலது வழக்கமான அளவைவிடப் பெரிதாக இருந்தது.

ஊருக்குள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். கெட்டுப்போனதை உடனே எடுத்துவிட வேண்டும் என்பது பெரும்பான்மை. அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு சேலம் போனார். அங்கிருந்த சிறுநீரக மருத்துவர் அவசரப்படவில்லை. சிறியதாக இருப்பதெல்லாம் ஒரே வகை அல்ல என்று எங்களை உட்காரவைத்து விளக்கினார். ரத்தக் குழாய் அடைத்துச் சுருங்கியிருக்கலாம். அடிக்கடி கிருமி தாக்கித் தழும்பாகியிருக்கலாம். தாயின் வயிற்றிலேயே முழுதாக வளராமல் நின்றும் போயிருக்கலாம். எது என்று தெரியாமல் கத்தியை எடுக்கக் கூடாது என்றார். ரத்த ஓட்டத்தைப் பார்க்க ஒரு ஸ்கேன், இரண்டும் எவ்வளவு வேலை செய்கின்றன என்று பார்க்க ஊசிமருந்து செலுத்தி இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். அடைப்பில்லை, தழும்பில்லை. பிறவியிலேயே சிறியது. அது செய்யாத வேலையையெல்லாம் இத்தனை வருடமாக வலதுபக்கம் ஏற்றுக்கொண்டு, அதனாலேயே பெருத்திருந்தது.

“எடுத்துப்போடோணுமுங்களா?” என்று அண்ணன் கேட்டார்.

“பிரஷர் மாத்திரைக்கு அடங்கினா எடுக்க வேண்டியதில்லைங்க. அடங்கலைன்னாலோ, அங்கேயே அடிக்கடி சீழ் பிடிச்சாலோ அப்போ யோசிக்கலாம். உப்பைக் குறைங்க. தண்ணி குடிங்க. வருசா வருசம் ரத்தமும் சிறுநீரும் சோதனை பண்ணுங்க. கடையில உடம்பு வலி மாத்திரை மட்டும் வாங்கிப் போடவே போடாதீங்க, அது கிட்னியைக் கெடுத்திரும். எந்த டாக்டர்கிட்டப் போனாலும் முதல்ல இதைச் சொல்லுங்க.”

மாடிப்படி இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரோ, “ஒரு இஞ்சின்தான் ஓடுதுன்னு தெரிஞ்சுபோச்சு தம்பி. இனி அதுக்கு ஆயில் பார்த்துக்கிட்டாப் போதும்” என்றார். அத்தோடு சரி. அதற்காக அவர் வருந்தி உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

ரிக் வேலையை அறிந்தவர்களுக்குத் தெரியும், நாள் முழுக்க இரும்புக் குழாய் தூக்கியவன் வலி மாத்திரை இல்லாமல் படுக்க மாட்டான். எங்கள் முகாமில் அதை மிட்டாய்போல விழுங்குவார்கள். அண்ணன் அதை விட்டார். மருத்துவர் அனுமதித்த காய்ச்சல் மாத்திரையும் வெந்நீர் ஒத்தடமும்தான் அவருக்கு. குழம்பில் உப்புப் போடுவதற்கு முன்பே தனக்கு ஒரு கிண்ணம் எடுத்துவைக்கச் சொல்வார். முதல் வாரம் அதைச் சாப்பிட்ட அவர் முகத்தைப் பார்த்துச் சமையல்காரரே சிரித்துவிட்டார். “சிரிக்காதீங்க சாமி. உங்க சமையலுக்கு உப்பு ஒன்னுதான் மானத்தைக் காப்பாத்திட்டு இருந்திருக்குது” என்றார் அண்ணன்.

ஒரு கோடையில் சத்தீஸ்கரில் ஒரு கிராமத்துக்கு வெளியே வண்டி நின்றிருந்தது. விடிந்ததும் அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்தது. முதுகிலிருந்து அடிவயிறு வரை இழுத்தது, வாந்தி எடுத்தார். மருந்துக் கடைக்காரர் வலி ஊசியோடு வந்துவிட்டார். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “ஊசி வேண்டாஞ்சாமி. எந்திரிச்சதுலருந்து ஒரு சொட்டு மூத்திரம் வரலை. இருக்கறது இந்த ஒன்னுதான், அதுவும் அடைச்சுப்போச்சு. வண்டியை எடு.”

நகரத்துக்கு அரைநாள் பயணம். அந்தக் கரடுமுரடான பாதையில் ஒவ்வொரு குழிக்கும் அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. மருத்துவமனையில் தள்ளுவண்டியில் படுத்தபடியே, ரிக் வேலையில் பழகிய தன் அரைகுறை இந்தியில் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொன்னார்: “இடது பிறவியிலேயே சிறுசு. வலதுதான் உயிர்.” அந்த இளம் மருத்துவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. உடனே ஸ்கேன் எடுத்தார். சிறுநீர்க் குழாயில் கல் உட்கார்ந்திருந்தது. சாயங்காலத்துக்குள் உள்ளே ஒரு மெல்லிய குழாயை வைத்து வழி திறந்துவிட்டார்கள். மற்றவர்கள் என்றால் இன்னொரு பக்கம் சமாளிக்கும், காத்திருக்கலாம். இவருக்கு அந்த வசதி இல்லை, முதலிலேயே சொன்னது நல்லதாயிற்று என்று பிறகு அந்த மருத்துவர் என்னிடம் சொன்னார்.

கட்டில் ஓரத்தில் தொங்கிய பையில் சிறுநீர் இறங்கத் தொடங்கியது. அண்ணன் தலையைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏந்தம்பி, ஆயிரம் அடி போர் ஓட்டித் தண்ணி பார்த்தப்பக்கூட எனக்கு இவ்வளவு சந்தோசம் வந்ததில்லை” என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். கல்லை எடுத்து ஊர் திரும்பிய பிறகு ரத்தச் சோதனை பழைய நிலைக்கே வந்துவிட்டது.

பூங்கொடிக்கு வெண்ணந்தூரில் மாப்பிள்ளை பார்த்தபோது நானும் கூட இருந்தேன். சொந்தக்காரர்கள் அண்ணனைத் தனியே அழைத்து, கிட்னிப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். குடும்ப வியாதி என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம். அண்ணன் தலையாட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். காப்பி வருவதற்குள் மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

“எனக்கு ஒரு கிட்னி பொறக்கும்போதே சிறுசுங்க. மாத்திரை போட்டுட்டு நல்லாத்தான் இருக்கறேன். டாக்டர் சொல்லிப் பொண்ணுக்கும் ஸ்கேன் பார்த்தாச்சு. ரெண்டும் சரியா இருக்குது. பின்னாடி யாராச்சும் சொல்லி நீங்க கேள்விப்படறது நல்லா இருக்காதுங்க.”

பூங்கொடியின் அம்மா கதவோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அப்போது மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “அப்பறம் நானும் சொல்லிப்போடறேனுங்க. எனக்குப் பத்து வருசமாச் சர்க்கரை” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றே நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள்.

அண்ணனின் காரியம் முடிந்த வாரம் எனக்குக் கண்புரை அறுவைக்குப் போக வேண்டியிருந்தது. “வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?” என்று மருத்துவர் கேட்டார். வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்விக்கு “ஒன்னுமில்லைங்க” என்றே சொல்லி வந்தவன் நான். அன்று சொன்னேன்: பிரஷர் மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்குவதை, மாலையில் கால் வீங்குவதை, ஓட்டுநர்களோடு சேர்ந்து தின்ற வலி மாத்திரைகளை. அவர் அறுவையைத் தள்ளிவைத்து, ரத்தமும் சிறுநீரும் சோதிக்க எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் என் மனைவி, “இத்தனையும் நீங்களாச் சொல்லோணுமா?” என்று கோபித்துக்கொண்டாள்.

சொல்ல வேண்டும். அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். உடம்பில் உள்ளதை வெட்கப்படாமல், குரலைத் தாழ்த்தாமல், காலம் கடக்கும் முன்பு சொல்லிவிடுவது.