துளித்துளியாகப் பழக்கிய மருந்து

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். ஆறு வயது மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி. மூன்றாம் நாள் காலை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். உள்நாக்கின் இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் ஆடை படிந்திருந்தது. குதிரை வண்டி பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் மூச்சில் கீச்சென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்துவிட்டது.

"தொண்டை அடைப்பான். உடனே சீரம் ஊசி போடணும்" என்றார் டாக்டரம்மா.

என் கணவர் குறுக்கிட்டார். "வேணாங்க. போன வருஷம் இவளுக்கு ஆணி குத்தினதுக்கு ஒரு ஊசி போட்டாங்க. உடம்பெல்லாம் தடிச்சு, உதடு வீங்கி, பிழைச்சதே பெரிசு."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "குதிரை வண்டியிலதானே வந்தீங்க? வழியில தும்மினாளா? இழுப்பு வந்துச்சா?"

"இல்லைங்க."

"அந்த மருந்தும் இதுவும் குதிரை ரத்தத்துலேருந்து எடுக்கறதுதான். போட்டா ஆபத்து. போடலேன்னா சாயங்காலத்துக்குள்ள தொண்டை அடைச்சிடும். துளித்துளியா போட்டுப் பழக்கிப் பாக்கலாம். உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

கணவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். நான்தான் "போடுங்க" என்றேன்.

உப்புத் தண்ணீரில் கரைத்த ஒரு துளி முதலில். இருபது நிமிஷம் காத்திருந்து, அடுத்தது கொஞ்சம் கூடுதலாக. பக்கத்துத் தட்டில் இன்னொரு ஊசி, உடம்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் போட, மாற்று மருந்து ஏற்றித் தயாராக இருந்தது.

"அது எதுக்கும்மா?" என்றாள் மகள். "என் விரலைப் பிடிச்சுக்கோ" என்றேன்.

நான்காவது ஊசிக்குப் பிறகு, "உள்ளங்கை அரிக்குது" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் தடிப்புகள் எழுந்தன. என் விரலைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. டாக்டரம்மா தட்டிலிருந்த ஊசியை எடுத்துப் போட்டார். ஓடி வந்த கணவர் என்னைப் பார்த்து, "நீதானே போடச் சொன்னே" என்றார்.

அரை மணி நேரத்தில் தடிப்பு அடங்கியது. டாக்டரம்மா அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. வெயில் தாழ்வதற்குள் முழு மருந்தும் உள்ளே போயிருந்தது.

பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குக் கிளம்பிய அன்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

"பழகிடுச்சுன்னு நினைச்சிடாதீங்க. அன்னிக்கு மட்டுந்தான் உடம்பு ஒத்துக்கிட்டுது. இனிமே போட்டா முன்னைவிட மோசமா வரலாம்."

"அப்ப அடுத்த தடவை?" என்றார் கணவர்.

"அடுத்த தடவை வராம பாத்துக்கங்க."

திரும்பும்போது மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். பாலம் முழுக்க அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு வந்தேன்.