சாவியோடு போன அப்பா

மாதுங்காவில் நாங்கள் இருபத்தோரு வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்த நாளில், அப்பா வழக்கம்போல ஆபீஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அறுபதுகளின் நடுவில் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். மகனுக்குக் கல்யாணம், இடம் வேண்டும் என்று வீட்டுக்காரர் போட்ட வழக்கில் நாங்கள் தோற்றிருந்தோம்.

சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அம்மா காலையிலேயே செம்பூருக்குப் போய்விட்டாள். பதினோரு மணிக்குக் கோர்ட் அமீனா வருவார், வீட்டை ஒப்படைத்துவிட்டு வா என்று என்னை விட்டுப் போனாள். லீவு போட்டிருந்தேன். காலி வீட்டில் உட்கார இடமில்லை. வாசலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அமீனா சொன்ன நேரத்துக்கு வந்தார். கூடவே வீட்டுக்காரரின் மகன். அமீனா காகிதத்தை விரித்துக்கொண்டு, "சாவி கஹாங் ஹை?" என்று கேட்டார்.

வழக்கமாக மாட்டும் ஆணியில் சாவி இல்லை. அலமாரி, ஜன்னல் திட்டு, சமையல் மேடை, எங்கும் இல்லை. அப்போதுதான் புரிந்தது, அப்பா எடுத்துப் போயிருக்கிறார்.

பன்னிரண்டு வரை பார்ப்பேன், பிறகு பூட்டை மாற்றிவிட்டு, குடியிருப்பவர் ஒத்துழைக்கவில்லை என்று கோர்ட்டுக்கு எழுதுவேன் என்றார் அமீனா. தெருமுனையிலிருந்த இரானி டீக்கடைக்கு ஓடி அப்பாவின் ஆபீஸுக்கு டெலிபோன் செய்தேன். "இன்னிக்கு அவர் வரலியேம்மா" என்றார்கள். ஜுரத்தோடு கூட ஆபீஸுக்குப் போகிறவர் அவர்.

ஆபீஸுக்கே நேரில் போய் விசாரிப்பது என்று ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிளாட்பாரத்தில், மடியில் டிபன் டப்பாவோடு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் அப்பா.

"அப்பா! சாவி எங்கே?"

"எங்கிட்டதான் இருக்கு."

"அமீனா காத்துண்டிருக்கான். பூட்டை மாத்திடுவேங்கறான்."

"மாத்திக்கட்டும்."

"நாம தோத்தாச்சுப்பா. எங்கிட்டக் குடுங்கோ, நான் குடுத்துட்டு வரேன்."

அவர் சாவியை எடுக்கவில்லை. ஒரு வண்டி வந்து நின்று போயிற்று. "காலம்பரேலேர்ந்து எத்தனை வண்டியை விட்டுட்டேன் தெரியுமோ? ஏறினா ஆபீஸ் போய்டுவேன். சாயங்காலம் பழக்கத்துல இங்கேயே வந்து எறங்கிடுவேனோன்னு பயமா இருந்தது" என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஐம்பது. "இப்போ வரேளா இல்லியா?" என்று கத்திவிட்டேன். அதற்கு முன்பு நான் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. அவர் எழுந்தார். என்னைவிட வேகமாக நடந்தார்.

பன்னிரண்டுக்குள் வீடு வந்துவிட்டோம். அமீனாவிடம் அவர் பேசவே இல்லை. வீட்டுக்காரரின் மகனைக் கைகாட்டிக் கூப்பிட்டு, தன் ஓட்டை ஹிந்தியில் ஆரம்பித்தார். மழைக்காலத்தில் இந்த ஜன்னலை அழுத்திச் சாத்தாதே, மரம் உப்பிக்கொண்டு திறக்காது. தண்ணீர் காலை ஐந்தரைக்கே நின்றுவிடும். கல்யாணம் செய்துகொள்ளப்போகிற அந்தப் பிள்ளை, தலை குனிந்தபடி எல்லாவற்றுக்கும் "ஜீ, ஜீ" என்றான். அமீனா இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அப்பா சாவியை அந்தப் பிள்ளையின் கையில் வைத்தார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

தெருவுக்கு வந்ததும் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"செம்பூருக்கு எந்த பஸ்ஸுன்னு நோக்குத் தெரியுமோ?"

அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். செம்பூர் வீட்டை நானும் அம்மாவும்தான் தேடிப் பிடித்தோம். மூன்று முறை கூப்பிட்டும் அப்பா பார்க்க வரவில்லை. நான் அவர் கையிலிருந்த டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும், அவர் செம்பூர் வரை நின்றுகொண்டேதான் வந்தார்.