கிருபையின் தலைமுடியும் என் சந்தேகமும்

என் பிள்ளைகளே, சாலமோனே, கிருபையே, உங்கள் அம்மா திருப்பதி மலைக்கு வேண்டிக்கொண்டு கிருபைக்கு மொட்டையடித்தாள் என்று சபையில் இன்னும் சிலர் பேசுகிறார்கள். அவர்கள் வாயிலிருந்து நீங்கள் கேட்பதற்குமுன் என் கையாலே எழுதிவைக்கிறேன். அப்படி முதலில் நினைத்தவன் உங்கள் நைனாவாகிய நான்தான்.

அது ஐப்பசி மழை. பாகாலாவுக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தின் கீழ் மண் அரித்துப்போனது. ஆட்களோடு உடனே புறப்படும்படி ரயில்வே துரை உத்தரவு. நான் அப்போது லைன் மேஸ்திரி. கிருபைக்கு நாலு வயது, லேசாகக் காய்ச்சல். இரண்டு நாளில் வந்துவிடலாம் என்று போனவன் பத்து நாள் கழித்துத்தான் திருப்பதிக்குத் திரும்பினேன். பிள்ளை பாயில் கிடந்தாள். உடம்பு நெருப்பு. தலை மொட்டை.

நம் ஊரில் மொட்டைத் தலைக்கு வேறே அர்த்தம் ஏது? ஸ்டேஷனில் இறங்குகிறவன் முடியோடு இறங்குவான், ஏறுகிறவன் மொட்டையோடு ஏறுவான். தினமும் பார்க்கிற கண்கள். அதோடு உங்கள் அம்மா ரூத்து நாராயணவனத்துக்காரி. ஞானஸ்நானம் வாங்கி என்னைக் கட்டிக்கொண்டாலும், அவள் பிறந்த வீட்டார் இன்றும் கோயிலுக்குப் போகிறவர்கள்.

"யாரு அடிச்சது மொட்ட?" என்றேன்.

"நான்தான். தல பூரா புண்ணு. முடிய எடுத்துடச் சொன்னாங்க, ஆஸ்பத்திரி நர்சம்மா."

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். அந்த நர்சம்மா சித்தூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்களாம். என் சந்தேகம் இரட்டித்தது.

"நான் இல்லாதப்போ உங்க அண்ணன் வந்தானாமே?"

"கஞ்சிக்குக் கேவுரு மாவு குடுக்க வந்தாரு. புள்ளையப் பாத்துட்டு அழுதுக்கினே போனாரு."

அழுதவன் மலைக்கு வேண்டிக்கொள்ளச் சொல்லாமலா போயிருப்பான்?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் தாவீது அண்ணன் என்னை மறித்தார்.

"இன்னா மேஸ்திரி, உம்ம பொண்ணு மலையேறி வந்துட்டாப்பல இருக்குதே."

"காய்ச்சலுக்கு எடுத்ததுங்க அண்ணே."

"எங்க வூட்லயும்தான் காய்ச்சல் வருது. எங்க தலைங்க அப்படியேதான் கீது." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "விசாரிக்கிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் கர்த்தருடைய பந்திக்கு, அப்பமும் ரசமும் வாங்க வரவேணாம்."

வீட்டுக்கு வந்து வேதபுத்தகத்தை எடுத்து அவள் முன் நீட்டினேன். "இது மேல கை வச்சு சத்தியம் பண்ணு."

"இந்த வேதத்துலயே சத்தியம் பண்ணக் கூடாதுன்னு கீதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்," என்றாள்.

அன்றிலிருந்து நான் அவளோடு முழங்கால் போடவில்லை. அவள் அடுப்பண்டை ஜெபித்தாள், நான் வாசலண்டை ஜெபித்தேன். அவள் நெற்றியில் குங்குமம் அழித்த சுவடு இருக்கிறதா என்று பார்த்தேன். சேலை மடிப்பில் பிரசாதம் இருக்கிறதா என்று தடவினேன். காய்ச்சல் இறங்கவில்லை. இவள் பாவத்தால்தான் என் ஜெபம் மேலே எட்டவில்லை என்று நம்பினேன். "ஆண்டவரே, மறைந்திருக்கிறதை வெளியே கொண்டுவாரும்" என்று மூன்று நாள் உபவாசம் இருந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் அவள் மருந்து வாங்கப் போனாள். நான் அவளுடைய தகரப் பெட்டியின் கொண்டியை இரும்புக் கம்பியால் நெம்பித் திறந்தேன். அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. வேண்டுதலுக்கு முடிந்து வைக்கிற முடிச்சுப் போலவே இருந்தது. அகப்பட்டாள் என்று எனக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கமாயிருந்தாலும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவிழ்த்தேன். உள்ளே கிருபையின் முடி. புண்ணில் ஒட்டின சீழ் அதில் காய்ந்திருந்தது.

மலைக்குக் கொடுத்த முடி மலையிலேயே நின்றுவிடும். அதை ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. திருப்பதியில் இது குழந்தைக்கும் தெரியும். நான் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரூத்து வந்தாள். பெட்டியையும் பார்த்தாள், என் கையையும் பார்த்தாள்.

"புள்ள பொழைக்கலைன்னா இதாவது இருக்கட்டும்னு எடுத்து வச்சேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க வந்ததுலேர்ந்து மலையப் பத்தியே கேட்டீங்க. புள்ள எப்படி கீதுன்னு ஒரு வார்த்தை கேக்கல."

மறைந்திருக்கிறதைக் காட்டும் என்றுதானே கேட்டேன்? கர்த்தர் காட்டினார். ஒளிந்திருந்தது என் நெஞ்சில்.

அவள் பக்கத்தில் முழங்கால் போட்டேன். அவள் ஜெபித்தாள், நான் ஆமென் மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் விடிந்தபோது பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. உடம்பு குளிர்ந்தது. "நைனா, துன்ன இன்னா கீது?" என்று கேட்டாள். மருந்தா, ஜெபமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். இரண்டையும் கொடுத்த கை ஒன்று.

பந்திக்கு முந்தின சனிக்கிழமை ஆயத்தக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். "அப்படின்னா அந்த முடியக் கொண்டாந்து காட்டு," என்றார் மூப்பர்.

"காட்ட மாட்டேன் அண்ணே. நான் ஒருத்தன் சோதிச்சது போதும்."

அதற்காக அந்தப் பந்தியும் அடுத்த பந்தியும் எங்களுக்கு இல்லாமல் போனது. அதன்பிறகு குருவானவரே வீட்டுக்கு வந்து எங்களை அழைத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் சிலர் ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். முன்பு நான் பார்த்த கண்தான் அது.

பிள்ளைகளே, உங்களுக்கும் வானம் வெண்கலமாய் மூடிக்கொண்ட நாட்கள் வரும். ஜெபம் ஏன் நிற்கிறது என்று பிறர் பெட்டியைத் திறக்கப் போகாதீர்கள். கர்த்தரை நம்புங்கள். உங்கள் பக்கத்தில் முழங்கால் போடுகிறவரையும் நம்புங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார்.

கிருபை கஞ்சி குடித்த அன்று சாயங்காலம், ரூத்து தண்ணீருக்குப் போயிருந்தாள். நான் சுத்தியலை எடுத்து, வளைந்த கொண்டியை நிமிர்த்தி, புது ஆணி அடித்தேன். பெட்டிக்குப் புதுப் பூட்டுப் போட்டு, சாவியை அவள் சேலை தொங்கும் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.