நன்றி, உங்கள் பதிவு கிடைத்தது

"வேன் இன்னும் வரலம்மா" என்று அம்மா மேரு வீட்டிலிருந்து போனில் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அப்பாவுக்கு அன்று கிள்ளானில் டயாலிசிஸ்; அந்த நிலையத்தின் வேன்தான் வந்து ஏற்றிப்போகும். முந்தின முறையும் வேன் வரவில்லை; "ஒரு தடவதானே, பரவால லா" என்று சமாளித்துவிட்டார். அடுத்ததையும் விட்டால் இதயமே நின்றுபோகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"போன்ல புக் பண்ணீங்களா?"

"பண்ணேனே. 'நன்றி, உங்கள் பதிவு கிடைத்தது'ன்னு வந்துச்சு. அவருக்கு மூச்சு வாங்குதும்மா."

"டாக்சி பிடிச்சு உடனே கெளம்புங்க!" என்று கத்தினேன்.

அந்தப் பாழாய்ப்போன நன்றி எங்கள் கைவேலைதான். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகம் அந்த டயாலிசிஸ் நிலையத்துக்கு வேன் பதிவு செய்யும் இணையத்தளத்தைச் செய்துகொடுத்து, அந்த வாரம்தான் ஓடவிட்டிருந்தது. சிவப்பு எழுத்தில் எர்ரர் வந்தால் பெரியவர்கள் பயந்துபோவார்கள் என்றார் அங்குள்ள மேனேஜர். அதனால் எங்கே எது உடைந்தாலும் ஒரே இடத்தில் பிடித்து, அவர்களுக்கு நன்றியைக் காட்டிவிட்டு, பிழையை எங்களுக்கு அனுப்பும்படி வைத்திருந்தோம். நாங்கள் கையால் பதிந்துவிடுவோம் என்பது ஏற்பாடு. அலுவலகக் கணினியில் சோதித்தபோது பிழை ஒழுங்காக வந்தது. வெளியே ஓடுகிற சர்வரிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாங்களும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்து மேசைக்காரர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். நான் சொன்னதும் தளத்தைத் திறந்து சோதித்தார். "என் பேரப் போட்டா பட்டியல்ல ஏறுதுங்க. சீனப் பேரும் ஏறுது, மலாய்ப் பேரும் ஏறுது" என்றார்.

அப்பாவின் பெயரை ஐசியில், அடையாள அட்டையில், உள்ளபடியே அடித்தேன். நன்றி என்றது; பட்டியலில் ஏறவில்லை. திரையை உடைத்துவிடலாம் போலிருந்தது. சர்வர் பிழைகளை எங்களுக்கு அனுப்பும் வழியைச் சரிசெய்துவிட்டு, மறுபடி அடித்தேன். இந்த முறை எங்களுக்குச் சிவப்பாக ஒரு பிழை வரி வந்தது. அப்பாவின் பெயர் பாதியில் அறுந்து நின்றது.

"பேருக்கு நடுவுல எதுக்குங்க கோடு?" என்று நான் அடித்ததைப் பார்த்துக் கேட்டார் அவர்.

"ஏ/எல், அண்ணே. இன்னார் மகன்னு அர்த்தம். இங்க நம்மாளுங்க ஐசியில அப்படித்தான் இருக்கும்."

அவர் முகம் வெளுத்தது. அவர் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி, அவ்வளவுதான். எங்கள் தளமோ பெயரை இணைய முகவரிக்குள் வைத்து அனுப்பும். சாய்கோட்டைக் கண்டதும் சர்வர் வேறு பாதை என்று நினைத்துக் கைவிட்டுவிடும். இன்னார் மகள் என்று ஏ/பி போட்ட ஐசியைப் பையில் வைத்திருக்கும் எனக்கும் அது தோன்றவில்லை.

"அப்ப எல்லாருக்குமேவா?" என்றார் அவர்.

"நம்மாளுங்க எல்லாருக்கும்" என்றேன்.

கோட்டுப் பிரச்சினையைச் சரிசெய்து சர்வரில் ஏற்றும்போது அப்பா கூப்பிட்டார். "மெஷின்ல போட்டுட்டாங்கம்மா, பயப்படாத." அப்படியே அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றினார். பிறகு, "பக்கத்து நாற்காலி காலியா கெடக்கு. காப்பார்லேர்ந்து வருவாரே, அவரு. போன தடவயும் வரலயாம்" என்றார்.

நர்ஸிடம் அவர் வீட்டு எண்ணை வாங்கி அடித்தேன். முதல் மணியிலேயே ஒரு பெண் எடுத்தார்.

"வேன்காரங்களாம்மா? வாசல்லயேதான் அவர ஒக்கார வச்சிருக்கேன். கெடச்சிருச்சுன்னு போட்டிருந்துச்சே, அதான் வேற யாரையும் கூப்பிடல."