எட்டு நாளை முப்பதாக்கிய பேராசிரியர்

சர்வதேசப் பொருளாதாரத்தை முப்பத்தொரு ஆண்டுகள் கற்பித்த அந்தப் பேராசிரியர், எல்லையைக் கடந்து வெளிநாட்டில் இருந்தது மொத்தம் பதினொரு நாள். அதிலும் நான்கு நாள் வயிற்றுக் கோளாறு. கணக்குச் சொன்னவர் அவருடைய மனைவி. பல்கலைக்கழக விருந்தினர் விடுதியின் இருபத்திரண்டு அறைகளுக்கும் பொறுப்பாளரான அந்த அம்மாள், எதையும் குத்துமதிப்பாகச் சொல்லும் வழக்கமில்லாதவர். உறவினர்களோ பேராசிரியரைச் 'சர்வதேசம்' என்றே குறிப்பிட்டனர். "சர்வதேசம் தொண்டையைக் கனைச்சாச்சு, எல்லாரும் செருப்பை மாட்டுங்க" என்பார் அவருடைய மைத்துனர்.

நாணய மாற்று விகிதம் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் இரண்டு; தலைப்பை நீக்கிவிட்டால் ஒன்று. முன்னால் இருந்த இருவர் ஓய்வு பெற்று, ஒருவர் காலமானதால் துறைத் தலைவரானார். அதன்பின் 'வருகைப் பேராசிரியர்களுக்கு நடைமுறை ஆலோசனைகள்' என்ற சிறு நூலை எழுதினார். ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கும் மருத்துவர், நூலகத்துக்குப் போகும் பேருந்து, வெந்நீர் வரும் நேரம் முதலிய உருப்படியான செய்திகளெல்லாம் சாப்பாட்டு மேசையில் மனைவி வாயிலிருந்து உதிர்ந்தவை. மற்றவை அவருடைய சொந்தச் சரக்கு: முதல் மாதம் கருத்தரங்குகளில் கேள்வி கேட்கலாகாது, முதல் வாரம் முழுவதும் மூத்த பேராசிரியர்களைப் பணிமூப்பு வரிசைப்படி, கையொப்பமிட்ட நூலுடன் சென்று காண வேண்டும், அலுவலக வேலைகள் அப்புறம். எட்டுப் பதிப்புகளிலும் மாறியவை ஆண்டும் அட்டைப் படமும்தான். படத்தில் அவர் பதிப்புக்குப் பதிப்பு இளமையாகிக்கொண்டே வந்தார்.

வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பெயர் பதிய முப்பது நாள் அவகாசம் என்று அந்நூல் சொன்னது. ஈராண்டுகளுக்கு முன் அதை எட்டு நாளாகக் குறைத்துவிட்டார்கள். மனைவி அன்றே சொன்னார். "சில்லறை விஷயம், அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்றார் பேராசிரியர். அடுத்த பதிப்பும் முப்பதோடுதான் வந்தது. அன்றிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் சாவியைக் கொடுக்கும்போது அம்மாள் வாயால் சொல்லிவந்தார்.

தங்கையின் அறுவைச் சிகிச்சைக்காக அவர் இரண்டு வாரம் விடுப்பில் இருந்தபோது வெளிநாட்டிலிருந்து ஒரு விரிவுரையாளர் பெண் வந்து சேர்ந்தாள். காவலாளி சாவியையும் நூலையும் கொடுத்தார். அவள் நூலை நம்பினாள். முதல் வாரம் முழுக்கப் பதின்மூன்று மூத்த பேராசிரியர்களின் வாசலில் காத்துக் கிடந்தாள். பன்னிரண்டாம் நாள் பதிவு அலுவலகத்துக்குப் போனபோது, வெள்ளிக்கிழமைக்குள் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். தவறான வழிகாட்டுதலே தாமதத்துக்குக் காரணம் என்று பொறுப்பானவர் எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு.

"அங்க இருந்த வேலையை விட்டுட்டு வந்தேன்க்கா. அடுத்த வாரம் அவரும் பொண்ணும் வர்றாங்க. வீட்டையும் காலி பண்ணிட்டாங்க" என்றாள், விடுப்பு முடிந்து வந்த அம்மாளிடம்.

அம்மாள் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் பேசினார்.

"அச்சுல வந்ததைத் தப்புன்னு நானே எழுதணுமா?"

"ஒரே ஒரு வரிங்க."

"வெள்ளிக்கிழமை ஒன்பதாம் பதிப்பு வெளியீடு. துணைவேந்தர் வர்றார். இப்பப் போயி…"

இருந்தாலும் எழுதினார், மூன்று பக்கம். அறிஞர்கள் எல்லை கடப்பதால் நாடுகள் அடையும் நன்மை அதில் விரிவாக இருந்தது. தவறு என்ற சொல் மட்டும் இல்லை.

பதிவு அதிகாரி அதைப் புரட்டினார். "அம்மா, மூணு பக்கம் இருக்கு. நான் கேட்டது எங்க இருக்கு?"

"அதுல இருக்காது சார். தங்க வச்ச விடுதி சார்பா நான் எழுதலாமா?"

"தாராளமா."

வெள்ளைத்தாள் வாங்கி நின்றபடியே எழுதினார் அம்மாள்: எங்கள் விடுதி வழங்கும் நூலிலுள்ள கால அளவு பிழையானது. ஈராண்டுக்கு முன்பே ஆசிரியரிடம் தெரிவித்தேன். அவர் திருத்தவில்லை. ஆசிரியர் என் கணவர்.

"கடைசி வரி தேவையில்லையேம்மா."

"இருக்கட்டும் சார். யாரும் சொல்லலைன்னு நாளைக்கு அவர் சாதிக்க முடியாது பாருங்க."

முத்திரை விழுந்தது. பக்கத்தில் நின்ற பெண் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

விதிப்படி அக்கடிதத்தின் நகல் பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை காலையிலேயே ஆணை வந்தது: வெளியீடு நிறுத்தம், அறுநூறு பிரதிகளிலும் ஆசிரியரே திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும்.

பேராசிரியர் விடுதி மேசைக்கு வந்து நின்றார். "ஊர் சிரிக்க வச்சிட்டியே. என்ன நினைச்சு அப்படி எழுதின?"

"அந்தப் பொண்ணை நினைச்சு."

பிரதிக் கட்டுகள் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து இறங்கின. பசைப்புட்டியுடன் உட்கார்ந்த பேராசிரியர் தம் நூலை முன்னும் பின்னும் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி மனைவியிடம் கேட்டார்: "அது எந்தப் பக்கத்துல வருது?"

"படிச்சுப் பாருங்க, கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வரப்போகும் அந்தப் பெண்ணின் மகளுக்குக் கட்டில் போட இடம் பார்க்கப் பதினான்காம் அறைக்குப் போனார் அம்மாள்.